பலெர்மோவில் வழி வினாவுதல்

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசில் பெற்று மீள்பவன் எதிரே வரும் வறியவனை நிறுத்தி, இன்ன வழியாற் செல், இன்ன நிலத்தில் இன்னார் உனக்கு உணவு தருவர், இன்ன இடத்தில் விழிப்பாயிரு என்று சொல்லி அனுப்புவது அவற்றுட் பெரும்பாலானவற்றின் அமைப்பு. முதலாம் வருடத்தில் இவற்றைப் பாடமாகக் கற்றபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. வழி சொல்பவன் நூற்றுக்கணக்கான அடிகளிற் பேசுகிறான். கேட்பவனோ வாய் திறப்பதேயில்லை. அவன் எச்சொற்களால் வினவினான், வினவும்போது அவன் குரல் தாழ்ந்திருந்ததா என்பன பாட்டுக்கு வேண்டாதவையாகிவிட்டன.

பிறமொழி கற்பிக்கும் கைந்நூல்கள் இதற்கு நேர்மாறானவை. அவற்றிற் கேட்பவன் மட்டுமே பேசுகிறான். புகையிரத நிலையம் எங்கே, தபாற் கந்தோர் எங்கே, இவ்வீதி கடற்கரைக்குச் செல்லுமா என வினாக்கள் வரிசையாய் நிற்கும். விடை சொல்பவனுக்கு அங்கே ஒரு வரியும் ஒதுக்கப்படுவதில்லை. சென்ற ஆண்டு நீண்ட விடுமுறையின்போது இத்தாலியிற் கழித்த ஆறு வாரங்களும், நூலில் இல்லாத அந்த விடையைக் கேட்டுப் பழகுவதிலேயே எனக்குப் போயின.

நான் சென்றது சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவுக்கு. இலங்கைத் தமிழர் 1980களிலிருந்து குடியேறி வாழும் நகரம் அது. என் தாயாரின் தங்கை, 1995 இடப்பெயர்வோடு படிப்பு முறிந்து, 1999 இல் அங்கு சென்றவர். முதியோரை அவர்தம் வீடுகளிலேயே வைத்துப் பராமரிப்பது அவருடைய தொழில். இத்தொழில் செய்வோரை இத்தாலியர் 'பதாந்தே' என்பர்; கவனித்துக்கொண்டிருப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். எனக்கு விமானச் சீட்டை அனுப்பியவரும் அவரே. காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டால் இரவு எட்டு மணிக்கே திரும்புவார். வியாழன் பிற்பகலும் ஞாயிறும் அவருக்கு ஓய்வு. ஏனைய பொழுதுகளில் நான் தனியே நடந்தேன்.

கைத்தொலைபேசியில் வரைபடம் இருக்கையில் ஒருவரை நிறுத்தி வழி கேட்பானேன் என்று நண்பர் சிலர் வினவினர். பழைய நகரின் முடுக்குகளில், பக்கங்களில் உயர்ந்த சுவர்களும் மேலே சந்தைக் கூடாரங்களும் அடைத்து நிற்க, வரைபடத்திலுள்ள நீலப் புள்ளி ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குத் தானே தாவிவிடுகிறது. இது ஒரு காரணம். மற்றையது, வரைபடத்தோடு மொழி பழக முடியாது என்பது. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று சொல்லியே சின்னம்மா என்னை முதல் நாள் வெளியே அனுப்பினார்.

வினாவைக் கற்பது எளிது. 'ஸ்கூசி' என்று தொடங்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதற்குச் சமமானது. பின்னர் 'பெர் அந்தாரே அல்லா ஸ்தாத்சியோனே?' எனலாம். இலக்கணப்படி நோக்கின் இது வாக்கியமே அன்று. 'நிலையத்துக்குச் செல்வதற்கு' என்பதோடு நின்றுவிடுகிறது. எஞ்சியதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வார். யாழ்ப்பாணத்தில் நாம் 'ஸ்ரேசனுக்குப் போறதெண்டால்?' என்று இழுத்து விடுவதும் இதுவே. இரண்டு மொழிகளும் ஒரே இடத்தில் வாக்கியத்தை முறித்து மற்றவர் கையிற் கொடுப்பதைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சியாயிருந்தது. 'தாங்கள் எனக்கு வழி கூற முடியுமா' என்று பாடநூல் தரும் நீண்ட வினாவைச் சந்தையில் எவரும் வழங்கக் கேட்டிலேன்.

விடைதான் வெள்ளமாய் வரும். ஒரு நிமிடத்துக்கு மேலும் பேசுவர். அதிற் பற்றிக்கொள்ள வேண்டிய சொற்கள் சிலவே. 'தெஸ்த்ரா' வலம், 'சினிஸ்த்ரா' இடம். இடப்பக்கத்தைக் குறிக்கும் இச்சொல்லின் ஆண்பால் வடிவத்துக்கு விபத்து என்றும் கேடு நிறைந்தது என்றும் பொருளுண்டு. இடக்கையால் ஒன்றை நீட்டினால் முகஞ் சுளிக்கும் நம்மவர் இதற்கு வியக்கமாட்டார். 'இன் ஃபொந்தோ' என்பது அடியில் என்று பொருள்படினும், வீதியைப் பற்றிச் சொல்லும்போது அதன் கடைசி முனையைக் குறிக்கும். ஒழுங்கையின் 'தொங்கலிலை' என்று நம் ஊரவர் சொல்வதைத் தவிர இதற்குச் சரியான தமிழ் எனக்குத் தோன்றவில்லை. 'பிரிமா' என்ற சொல் சற்றுக் கூர்ந்து கேட்கவேண்டியது. முதலாவது என்பதும் அதுவே, முன்னர் என்பதும் அதுவே. வலப்பக்கம் முதலாவது தெருவா, சமிக்ஞை விளக்குக்கு முன்னரா என்பதைத் தொடரை வைத்தே உணர வேண்டும். ஆயினும் 'முதலாம் ஒழுங்கை' என்றும் 'சந்திக்கு முதல்' என்றும் ஒரே மூச்சில் வழங்கும் வடபகுதித் தமிழருக்கு இது புதிதன்று.

இவை எல்லாவற்றிலும் அடிக்கடி வருவது 'செம்ப்ரே திரித்தோ'. எப்போதும் நேரே என்பது அதன் பொருள். நேர் என்றதும் அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு என்று எண்ணுதல் கூடாது. வீதி வளைந்தால் நாமும் வளைந்து, முடுக்குகளிற் கால் வைக்காது, பெரிய வீதியை விடாது பின்தொடர்க என்பதே அதன் கருத்து. சொல்பவரின் கையைப் பார்த்தால் இது விளங்கும். சொல் 'நேரே' என்னும்போது கை மெல்ல இடப்பக்கம் வளைந்து செல்லும். ஐயம் நேரின், ஆம் அல்லது இல்லை என்று விடை வரத்தக்க வினாவைப் போட வேண்டும். ஒரு தெருவைச் சுட்டி 'இதுவா?' என்றால் போதும். அங்கே இன்னொரு நுட்பமுண்டு. சிசிலியர் நாடியை மேலே உயர்த்தி, நாவால் 'ச்சு' என்று ஒலித்தால் அது இல்லை என்பதாகும். வாய்ச்சொல்லை எதிர்பார்த்து நிற்பவருக்கு, விடை சொல்லி முடிந்தது தெரியவே தெரியாது.

நகரின் நடுவே இரு பெருவீதிகள் ஒன்றையொன்று குறுக்கறுக்கின்றன. அச்சந்தியை 'குவாத்ரோ காந்தி' என்பர். நான்கு மூலைகள் என்பது பொருள்; நம் எழுத்தில் எழுதும்போது மகாத்மாவின் பெயர் வந்துவிடுவது நம் எழுத்தின் விளையாட்டு. பதினேழாம் நூற்றாண்டின் முதற் பாதியிற் கட்டப்பட்ட அந்நான்கு மூலைகளிலிருந்தே பழைய நகரின் நான்கு பகுதிகளும் விரிகின்றன. இரு வீதிகளுட் பழையதை முதியோர் இன்றும் 'காஸ்ஸரோ' என்றே வழங்குகின்றனர். கோட்டையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது அப்பெயர். 831 முதல் 1072 வரை பலெர்மோ முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. நான்கு மூலைகளிலிருந்து பிரியும் சிறு தெருக்களிற் பலவற்றுக்குத் தொழிலாற் பெயர்: செம்புக்கலம் அடிப்போர் தெரு, மெழுகுதிரி செய்வோர் தெரு, வெள்ளி வேலையாளர் தெரு, மக்கரோனி செய்வோர் தெரு. கன்னாதிட்டியையும் செட்டியார் தெருவையும் அறிந்தவருக்கு இப்பெயர்கள் உடனே மனத்திற் படியும். யூதர் வாழ்ந்த பகுதியிலோ பெயர்ப் பலகைகள் இத்தாலியம், எபிரேயம், அரபு ஆகிய மூன்று மொழிகளிலும் உள்ளன. 1492 ஆம் ஆண்டு ஆணையால் யூதர் வெளியேற்றப்பட்டு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு கழிந்தபின் வைத்த பலகைகள் அவை. மும்மொழிப் பலகைகளின் கீழ் வளர்ந்த நான் அவற்றின் முன் நெடுநேரம் நின்றேன்.

ஓசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவன. இரட்டித்த மெய்யை இரட்டிப்பாகவே ஒலிக்க வேண்டும் என்பது அம்மொழியிலும் விதி. தமிழ் நாவுக்கு இவை பழக்கமானவை. சிசிலிய மொழி இன்னும் ஒருபடி நெருங்குகிறது. அழகி என்று பொருள்படும் 'பெல்லா' என்னும் இத்தாலியச் சொல், சிசிலியத்தில் லகரம் நாமடி டகரமாகி ஒலிக்கிறது. 'வண்டு' என்பதிலுள்ள டகரத்தை இரட்டித்தாற்போல. வட இத்தாலியருக்கு அவ்வொலி எளிதில் வருவதில்லை. சின்னம்மா அதனைக் குடத்தனையில் வாங்கி வந்தவர் போல ஒலிக்கிறார். அவர் பராமரித்த முதியோர் பலருக்குத் தாய்மொழி சிசிலியமே ஆதலால், அவருக்கு இத்தாலியத்தை விட அதுவே சரளம். 1680 இல் இத்தாலியிற் பிறந்து தமிழ்நாடு வந்து எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு காட்டித் தந்த வீரமாமுனிவர், ஊரூராய் வழி கேட்டே நம் மொழியைக் காதிற் பிடித்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் அப்பாச்சியிடம் வழி கேட்டால் இடம் வலம் என்ற பேச்சே வராது. 'தேர்முட்டிக்கு வடக்காலை திரும்பி, வைரவர் கோயிலடியிலை கிழக்கை போ' என்பார். 1990களில் எரிக் பெடர்சன் என்னும் மொழியியலாளர் தமிழ்நாட்டில் ஆராய்ந்தபோது, கிராமத்தவர் திசைப் பெயர்களையும் நகரத்தவர் இடம் வலம் என்பவற்றையும் பெரிதும் ஆள்வதைக் கண்டார். அப்பாச்சியின் பேத்தி பலெர்மோவிற் செய்தது இரண்டையும் கலந்தது. வடக்கே பெல்லெக்ரீனோ மலை நகரிற் பல இடங்களிலிருந்தும் தெரியும். 'சினிஸ்த்ரா' என்று ஒருவர் சொன்னதும், அது மலைப் பக்கமா, மலைக்கு எதிர்ப்பக்கமா என்று மனத்திற் குறித்துக்கொள்வேன். நான் திரும்பி நின்றால் இடம் வலமாகிவிடும், மலை திரும்புவதில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன்.

நம் பேச்சில் நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உள்ளன. இத்தாலியத்தில் நெருங்கியோரையும் சிறுவரையும் 'தூ' என்பர். அறியாதவரையும் மதிப்புக்குரியோரையும் 'லேய்' என்பர். 'லேய்' என்பதன் நேர்ப்பொருள் 'அவள்'. எதிரே நிற்கும் ஆடவரையும் மரியாதைக்காகப் படர்க்கைப் பெண்பாலாக்கிப் பேசும் விந்தை வழக்கு இது. 1938 இல் முசோலினியின் பாசிச அரசு இதனை விலக்கி 'வோய்' என்ற முன்னிலைப் பன்மையையே வழங்குமாறு பணித்தது. அரசு வீழ்ந்தபின் 'லேய்' மீண்டது. ஒரு சர்வாதிகாரி மாற்ற முயலும் அளவுக்குச் சிறு மறுபெயர் ஒன்றில் அத்துணை விடயம் அடங்கியிருக்கிறது. வழி கேட்பவர் தொடக்கத்திற் சொல்லும் 'ஸ்கூசி' என்பதே மரியாதை வடிவந்தான். 'தூ' என்று விளிப்பவருக்கு அது 'ஸ்கூசா' ஆகும்.

இரண்டாம் வாரம், நகரின் புதிய பகுதியிலுள்ள வீதியொன்றில், நன்கு உடுத்த முதியவர் ஒருவரைத் 'ஸ்கூசி' என்று நிறுத்தித் தொல்பொருள் அரும்பொருட்காட்சியகத்துக்கு வழி கேட்டேன். என்னை ஒருமுறை மேலுங் கீழும் பார்த்தார். பின்னர் உரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக, 'தூ அந்தாரே திரித்தோ. ஜிராரே சினிஸ்த்ரா' என்றார். தமிழில் இதனை 'நீ நேரே போதல். இடம் திரும்புதல்' என்றுதான் பெயர்க்கலாம். ஏவல் வினையும் இல்லை, மரியாதை விகுதியும் இல்லை, வெறுந் தொழிற்பெயர். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்வோரிடம் இத்தாலியர் சிலர் இப்படிப் பேசுவதை மொழியியலார் எழுதியுள்ளனர். மொழி அறியாதவருக்கு எளிதாயிருக்கட்டும் என்று வினையை முடக்கிப் பேசுவதாம். அவர் கெட்ட மனிதரல்லர். சொன்ன வழியும் சரியானதே. பத்து நிமிடத்தில் நான் காட்சியகத்தின் வாயிலில் நின்றேன்.

அதன் பின்னர் கவனிக்கத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் வினவிய நாட்களில் நான் உல்லாசப் பயணி. கடைக்காரர் வெளியே வந்து தெரு முனைவரை காட்டுவர். இத்தாலியத்தில் என் நாவு திருந்தத் திருந்த, நான் வீட்டு வேலைக்கு வந்தவளாகிக்கொண்டிருந்தேன். இந்நிறமுடையவள் இம்மொழியைப் பேசுவதானால் அதற்கு வேறு காரணம் இருக்க முடியாது என்பது அவர்கள் முடிவு. மொழியைக் கற்றுவந்தவருக்கு மரியாதை கூடும் என்று விரிவுரை மண்டபத்தில் நாம் கேட்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் எனக்குப் பெரிதாய்ப் பட்டது. கோபம் வந்தது. அக்கோபத்தை ஆராய்ந்து பார்த்தால் அதிலும் ஒரு கோணல் இருந்தது. வீட்டு வேலைக்கு வந்தவளாக எண்ணப்படுவது இழுக்கு என்றால், எனக்குச் சீட்டு எடுத்துத் தந்த சின்னம்மா யார்?

பல்லாரோ சந்தையில் நிகழ்ந்தது வேறொரு வகை. மரக்கறிக் கூடையோடு நின்ற மூதாட்டி ஒருவரிடம் வழி கேட்டேன். அவரும் 'தூ' என்றே பேசினார். 'எந்த வீட்டில் வேலை, மகளே?' என்றார். நான் மாணவி என்றேன். என்ன படிக்கிறாய், தாய் எங்கே, சாப்பிட்டாயா என்று மூன்று வினாக்கள் வந்தன. பின்னர் கூடையின் ஒரு பிடியை என் கையிற் தந்து, தான் போக வேண்டிய திசையை விட்டு, என் திசையில் நடந்தார். 'தூ' என்னும் அதே ஓரெழுத்தொருமொழி. அம்மா நம்மை 'நீ' என்பதும் அதிகாரி ஒருவர் நம்மை 'நீ' என்பதும் ஒரே சொல்லாயினும், காது அவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை அன்றோ.

அன்றிரவு சின்னம்மாவிடம் அம்முதியவரைப் பற்றிச் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இருபத்தைஞ்சு வருசமா உப்பிடித்தான் சொல்லுறாங்கள். வழி சரியாச் சொன்னவரோ?"

"சரியாத்தான் சொன்னவர்."

"பிறகென்ன?"

சற்று நேரங் கழித்து, தலை நிமிராமலே, "வந்த புதுசிலை அவங்கள் என்னோடை கதைச்ச மாதிரித்தான் பாஷையெண்டு நினைச்சு நானும் அப்பிடியே படிச்சுப்போட்டன். வினையெல்லாத்தையும் சரியாப் போட எனக்கு ஆறு வருசம் எடுத்தது" என்றார். முடக்கிய மொழியைக் கேட்டவர் முடங்கிய மொழியையே கற்பார்; பின்னர், பாரடா இவளுக்குப் பேசத் தெரியாது என்பர். நான் இதனை எந்த நூலிலும் இத்தனை தெளிவாகப் படித்ததில்லை.

அடுத்த வியாழன் பிற்பகல் அவரோடு நடந்தேன். வீதிகளின் பெயர்கள் நான் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தன. தலைக்கு மேலே சலவைக்கல்லிற் பொறித்திருந்ததை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவருடைய நகரம் வேறு விதமாக வரையப்பட்டது. "கண் தெரியாத மனிசி இருந்த வீடு வருகுது, அதிலை வலப்பக்கம். பிறகு ரீச்சர் அம்மா வீட்டு மதில் முடிய இடப்பக்கம்." ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் இறுதிவரை அவர் கூடவிருந்த ஒருவர். முதியவர் இறந்ததும் வீடு பூட்டப்படும். சின்னம்மா அடுத்த வீட்டுக்குச் செல்வார். அவ்வாறே இருபத்தைந்து ஆண்டில் நகரம் அவருக்குப் பழகிற்று.

பச்சை யன்னல்களையுடைய ஒரு வீட்டின் முன் நின்றார். "2009 இலை நான் இஞ்சைதான். அந்த வைகாசி மாசம் முழுக்க, எனக்காக அந்த மனிசி ரீவியைச் செய்தியிலேயே விட்டு வைச்சிருந்தவ. அவவுக்கு எங்கடை நாடு எங்கை இருக்கெண்டும் தெரியாது." மேலும் ஒன்றும் கூறாது, "இதாலை குறுக்கை போகலாம்" என்று முன்னே நடந்தார்.

ஊர் திரும்புவதற்கு முந்திய ஞாயிறு பெல்லெக்ரீனோ மலைக்குச் சென்றோம். 1624 இல் நகரைப் பீடித்த கொள்ளைநோயின்போது புனித ரொசாலியாவின் எலும்புகள் அம்மலைக் குகையிற் கண்டெடுக்கப்பட்டன என்றும், அவற்றை ஊர்வலமாய்க் கொண்டு சென்றதும் நோய் நீங்கிற்று என்றும் பலெர்மோ மக்கள் நம்புகின்றனர். குகையே கோயிலாயுள்ளது. கத்தோலிக்கரும் சைவருமாகத் தமிழர் பலர் அங்கு நடந்தே ஏறுகின்றனர், சின்னம்மா சைவர். பழைய கல் பாவிய பாதை மலையை முடக்கு முடக்காய்ச் சுற்றி ஏறுகிறது. வேறு வழியில்லை, எவரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லை என்று எண்ணியிருந்தேன்.

நடு வழியில் இத்தாலிய முதியவர் ஒருவர் கல்லொன்றில் அமர்ந்து இளைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, 'ஸ்கூசி, சிஞ்ஞோரா' என்று சின்னம்மாவை விளித்து, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.

'தூவே கூர்வே' என்றார் சின்னம்மா. இரண்டு முடக்கு.

முதியவர் முழங்காலிற் கையூன்றி எழுந்தார். நாங்கள் சற்று மேலே சென்றதும் நான் அண்ணாந்து எண்ணிப் பார்த்தேன்.

"சின்னம்மா, அங்கை ஐஞ்சு முடக்குத் தெரியுதே?"

"ஐஞ்செண்டு சொன்னால் மனிசன் அந்தக் கல்லிலேயே இருந்திடும். இரண்டு ஏறட்டும், பிறகு கேட்டால் இன்னும் இரண்டெண்டு சொல்லலாம். நீ மெதுவா நட, அந்தாள் பின்னாலை வரட்டும்."